நர்ஸ் பற்றாக்குறை: ஆள் இல்லையா, எடுக்க மனசில்லையா?

மலையோரம்:
2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள், 1,450 எம்பிபிஎஸ் இடங்கள் திறந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 31-ல், கோவிட் காலத்தில் எடுத்த நர்ஸ்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். ஆள் பற்றவில்லை என்று சொல்லிக்கொண்டே வேலை தெரிந்தவர்களை அனுப்புவது என்ன கணக்கு?

ஃபைல்கட்டு:
அவர்களை எடுத்தது அவசரத்துக்கு. நிரந்தரப் பணி என்றால் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, இனச்சுழற்சி (இடஒதுக்கீட்டு வரிசை) எல்லாம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். மாவட்ட அளவில் வேறு ஒப்பந்த வேலை தருவதாகவும் அரசு சொன்னதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூணாவது ஷிஃப்ட்:
சார், நாங்கள் 2015-ல் எம்ஆர்பி தேர்வு எழுதித்தான் வந்தோம். தொகுப்பூதியம், அதாவது மாதம் மொத்தமாக 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017-ல் சென்னையில் டிஎம்எஸ் (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினோம். முறைப்படி வந்தவர்களுக்கே இந்தக் கதி.

ஒரு ராத்திரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மட்டும்தான். உள்ளே தலை தெரிகிற பிரசவம். வாசலில் பாம்புக்கடி என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையுறையைக் கழற்ற நேரமில்லை, முழங்கையால் கதவைத் தள்ளிக் குரல் கொடுத்தேன். 108-க்குப் போன் போட்டது அந்தப் பிரசவத்துக்கு வந்த மாமியார்.

ஃபைல்கட்டு:
2015 பேட்ச்சுக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலமுறை ஊதியத்துக்கு (நிரந்தர ஊழியருக்கான சம்பளம்) பணியிடம் வேண்டும், அதற்கு நிதித்துறை தலையாட்ட வேண்டும். அரசு எதுவுமே செய்யவில்லை என்பதைத்தான் ஏற்க முடியாது. அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் 50% ஒதுக்கீடு இருக்கிறதே. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. கிராமத்துக்கு டாக்டர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலையோரம்:
நல்லது, நீங்களே சொல்லிவிட்டீர்கள். டாக்டருக்குப் பிஜி சீட். நர்ஸுக்கு? 'காலியிடம் வரட்டும்' என்ற பதில். இதை நம்பி யார் மலைக்கு வருவார்கள்?

ஃபைல்கட்டு:
வராமலா இருக்கிறார்கள்? அடுத்த தேர்வு அறிவித்துப் பாருங்கள், விண்ணப்பம் குவியும்.

மூணாவது ஷிஃப்ட்:
குவியும் சார். வந்து எத்தனை நாள் இருப்பார்கள் என்பதுதான் பேச்சு. எங்கள் டியூட்டி ரூமில் பிபி மிஷினுக்கு அடியில் ஒரு ஐஇஎல்டிஎஸ் (வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) புத்தகம் கிடக்கிறது. என்னுடையது இல்லை, ஜூனியருடையது. சரி, நைட்டுக்குக் கிளம்ப வேண்டும். மீதியைக் காலையில் வந்து எழுதுகிறேன்.