புதுப்பிப்பு: தங்கச்சியின் தோள் தழும்புக்கு லேசர்

தங்கச்சியின் தோளில் பரு வந்த இடம் தடித்து, அரித்துக்கொண்டே இருக்கிறது, லேசர் வைத்தால் போகுமா என்று களியக்காவிளையிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

திருவனந்தபுரத்தில் தோல் டாக்டரைப் பார்த்தோம். காயத்தின் எல்லைக்குள்ளேயே புடைத்து நின்றால் அது வெறும் தடித்த தழும்பு. எல்லை தாண்டிப் படர்ந்தால் கீலாய்டு. இவளுக்குக் கீலாய்டுதான். "லேசர் மட்டும் போதாது மோளே" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெட்டி எடுத்துவிட்டு சும்மா விட்டால் பெரும்பாலும் திரும்பி வருமாம், சிலருக்கு முன்னைவிடப் பெரிதாக.

அதனால் லேசரும் ஊசியும் சேர்த்து. மரத்துப்போகும் களிம்பு தடவி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் தழும்பு முழுக்கப் பொடிப்பொடியாகத் துளை போட்டார்கள். உள்ளே மருந்து இறங்க அது உதவுமாம். அப்புறம் டிரையாம்சினோலோன் ஊசி, தழும்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து அது. தழும்பு கெட்டியாக இருந்ததால் மருந்து ஏறவே இல்லை. டாக்டர் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் ஏற்றினார். பாவம், பிள்ளை என் கையை விடவே இல்லை. 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை இப்படி.

அரிப்பு நின்று நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். மேடு பாதி தணிந்திருக்கிறது, நிறம் மட்டும் கறுத்துவிட்டது. நம் நிறத் தோலுக்கு லேசருக்குப் பின் அப்படி ஆவது உண்டு. வெயில் படாமல் மூடி வைக்கச் சொன்னார்.

இப்போது தழும்பின் மேல் சிலிக்கோன் ஷீட் ஒட்டுகிறோம். வியர்வையில் கழன்றுவிடுகிறது. யாராவது அதற்குப் பதிலாக சிலிக்கோன் ஜெல் பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.