குருவிய கடைசியா எப்போ கிட்டத்துல பார்த்தீங்க? உங்க அனுபவம் சொல்லுங்க

கூரைநிழல்:
ஏசி பைப் போற ஓட்டையெல்லாம் ஃபோம் அடிச்சு அடைச்சுட்டாங்க, அசோசியேஷன் வேலை. நான் ஆபீஸ்ல இருந்து வரும்போதே முடிஞ்சுபோச்சு. அதுல ஒரு ஓட்டைக்குள்ள குருவி கூடு இருக்குன்னு ஃப்ளோர்ல எல்லாருக்குமே தெரியும், விடிஞ்சா சத்தம் தாங்காது. பொட்டக் குருவி வந்து சுவத்துல நகத்த ஊணி தொங்குது, வாய்ல பச்சைப்புழு, இன்னும் நெளியுது. ஃபோம கொத்தவே இல்ல, தள்ளித் தள்ளி உக்காந்து ஓட்டையத் தேடுது, பக்கத்து வீட்டு பைப் வரைக்கும் போய் பார்த்துட்டு திரும்ப வருது, புழுவ முழுங்கவும் இல்ல கீழ போடவும் இல்ல. செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டு ஏணி வாங்கி, கத்தியால ஃபோம அறுத்து எடுத்தா உள்ள மூணு குஞ்சு, ரெண்டுதான் வாயத் தொறந்துச்சு. இதுல கடுப்பு என்னன்னா, மார்ச் 20, உலகக் குருவி தினம் ஆனா "குருவிகளைக் காப்போம்"னு ஃபார்வர்டு போடுற ஆளுதான் ஃபோம் அடிக்கச் சொன்னதே.

சிக்னல்_இல்ல:
படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஓட்டை அடைக்கிறதெல்லாம் சின்ன விஷயம், குருவி குறையுறதுக்கு மெயின் காரணம் செல்போன் டவர்தான். எதிர் மாடியில டவர் வந்தப்புறம் எங்க பக்கம் குருவியே இல்ல. கடைசியா பார்த்தது ஒரு ஆண், கழுத்துல அந்த கறுப்புப் பட்டையோட கம்பியில தனியா உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு, ஒரு பதிலும் வரல.

பழைய_ஓடு:
@சிக்னல்_இல்ல டவர் கதைய எப்பதான் விடுவீங்க? பிரிட்டன்ல குருவி குறைய ஆரம்பிச்சது 1970கள் கடைசியில, அப்போ யார் கையில செல்போன் இருந்துச்சு? 2000ல லண்டன் பத்திரிகை ஒண்ணு, காரணத்த நிரூபிச்சா 5000 பவுண்டு பரிசுன்னே அறிவிச்சுச்சு, அந்தளவுக்கு குழம்பிக் கிடந்தாங்க. அப்புறம் லெஸ்டர் நகரத்துல கூடு கூடா பார்த்த ஆய்வுல தெரிஞ்சது, பூச்சி கிடைக்காம குஞ்சுங்க கூட்டுலயே பட்டினி கிடந்து சாகுது. பெரிய குருவி தானியம் தின்னு பொழைச்சுக்கும், குஞ்சுக்கு மொதல்ல அசுவினி, புழு, சிலந்தி வேணும். அட அதுக்கும் முன்னாடி, குதிரை வண்டி போய் கார் வந்தப்பவே மேல்நாட்டு ஊர்கள்ல குருவி குறைஞ்சுச்சு, ஏன்னா குதிரைக்குப் போடுற தானியமும் சாணமும் தெருவுல இல்லாம போச்சு.

நான் டவர் சைட்ல வேலை பார்த்தவன். அங்க கேபிள் டிரே அடியிலயே கூடு கட்டியிருந்துச்சு. ஜெனரேட்டர் ஓடும்போது மொத்த தகடும் அதிரும், அது பாட்டுக்கு வைக்கோல் இழுத்துட்டு உள்ள போகும். இதுவரைக்கும் டவரால குருவி அழியுதுன்னு யாரும் உறுதியா காட்டல.

சிக்னல்_இல்ல:
கம்பெனிக்காரர் வேற எப்படி பேசுவாரு 🙂

மஞ்சள்மூக்கு:
சண்டைக்கு நடுவுல என்னோடதும். ஸ்கூட்டர் கண்ணாடிய ஒரு ஆண் குருவி கொத்திக் கொத்தி மூக்கு வலிச்சு ஒரு பக்கம் போய் உக்காரும், மூச்சு வாங்கும், திரும்ப வந்து கொத்தும். உள்ள தெரியிறது எதிரி ஆணுன்னு நினைக்குது போல. பழைய சாக்ஸ் மாட்டி விட்டேன். அடுத்து சைடு கண்ணாடி தேடி பக்கத்து கார்ல ஆரம்பிச்சிருச்சு, கார் ஓனர் என்னைத்தான் முறைச்சாரு.

பெட்டிக்காரன்:
எங்க பால்கனி தொட்டியில குழி பறிச்சு மண்குளியல் போட்டுச்சு, செடி போச்சு, சந்தோஷம். சரி, யாரும் கேக்கல ஆனா சொல்றேன். குருவி கூடு கட்ட பெட்டி வைக்கிறவங்க ஓட்டை 32 மில்லிமீட்டர்ல வைங்க, அதுக்கு மேல போனா மைனா மாதிரி பெருசு வந்து உக்காந்துக்கும். ஓட்டைக்குக் கீழ குச்சி வைக்காதீங்க, அழகா இருக்கும், ஆனா குஞ்சத் திங்க வர்ற காக்காவுக்குத்தான் வசதி. நேர் வெயில் படக்கூடாது, தகரப் பெட்டின்னா உள்ள வெந்துரும். ஒண்ண மட்டும் மாட்டிட்டு வரலையேன்னு புலம்பாதீங்க, இது கூட்டமா வாழுற ஜாதி, பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு மாட்டுங்க. அதை விட முக்கியம், செடிக்கு பூச்சி மருந்து அடிக்கிறத நிறுத்துங்க, பெட்டி மட்டும் மாட்டினா கூடு கட்டும், குஞ்சுக்கு ஊட்ட என்ன இருக்கு? முற்றம் முழுக்க டைல்ஸ் போடாம ஒரு மூலையில வெறும் மண் விடுங்க. தண்ணி ஆழமில்லாத தட்டுல, தினமும் கழுவி மாத்துங்க, இல்லன்னா அதுவே நோய் பரப்பும்.

ரெண்டாம்மாடி:
எங்க வீட்டுக்கு இப்பவும் கூட்டமா வருதே! [படம்]

பழைய_ஓடு:
@ரெண்டாம்மாடி அக்கா அது குருவி இல்ல, புள்ளிச் சில்லைன்னு வேற பறவை. நெஞ்சுல செதில் செதிலா இருக்கு பாருங்க. ஆனா குருவியே அழிஞ்சிருச்சுன்னும் சொல்லிட முடியாது. 2020 இந்தியப் பறவைகள் நிலை அறிக்கைப்படி நாடு மொத்தத்துல 25 வருஷமா ஏறக்குறைய அப்படியேதான் இருக்கு, பெருநகரங்கள்லதான் குறைஞ்சிருக்கு.

நடைபாதை:
பஸ் ஸ்டாப்புல ஒரு குஞ்சு தரையில, வால் இன்னும் மொட்டையா, வாயோரம் மஞ்சள். சுத்தி நாலு பேரு, ஒருத்தர் கைக்குட்டையில சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு நிக்கிறாரு, இன்னொருத்தர் மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காதுன்றாரு. சும்மா கதை அது. எடுத்து பக்கத்து புதர்ல வெச்சுட்டு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னேன். அப்பன் குருவி தலைக்கு மேல கத்திட்டே இருந்தது, ஆளு நகந்ததுதான் தாமதம், இறங்கி வாய்க்குள்ள எதையோ திணிச்சுச்சு. எறகு முளைச்சதுன்னா அது பறக்கப் பழகுது, விட்டுருங்க. கைக்குட்டைக்காரருக்கு மட்டும் முகமே சரியில்ல, பஸ் வந்தும் ஏறல.

மஞ்சள்மூக்கு:
@பெட்டிக்காரன் நீங்க சொன்ன 32 எனக்கு ஒத்து வரல ண்ணா. ரெடிமேடா வாங்கி மாட்டினேன், மைனா ஜோடி குடிவந்து ஜம்முனு இருக்கு.

பெட்டிக்காரன்:
ஸ்கேல் எடுத்து அந்த ஓட்டைய அளந்து போடுங்க, அப்புறம் பேசுவோம்.