கோல்ட்விங்குக்கு முதல் சைட்கார்: எதை எடுக்கிறது, எப்பிடிப் பூட்டுறது?

செந்தூரன், ஸ்காபரோ

வணக்கம். என்னட்டை 2010 ஹொண்டா கோல்ட்விங் ஜிஎல்1800 இருக்கு. மனுசிக்குப் போன வருசம் இடுப்பு மூட்டு மாத்தினது. இப்ப வடிவா நடக்கிறா. ஆனா காலைத் தூக்கிப் போட்டுப் பின் சீற்றில ஏறுற வேலையே வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பைக்கை வித்துப்போட்டுக் காரில போங்கோ எண்டு சொந்தக்காரர் எல்லாரும் சொல்லீனம். அவவுக்கு அதில துளியும் விருப்பமில்லை. கோடை வந்தால் கெபெக் பக்கம் ஆத்தோரமா ரெண்டு பேரும் ஓடிப் பழகின ஆக்கள்.

அதால சைட்கார், அதுதான் பைக்குக்குப் பக்கத்தில ஒரு சில்லோட பூட்டுற ஆள் இருக்கிற பெட்டி, பூட்டுவம் எண்டு யோசிக்கிறன். இதுக்கு முந்தி ஓடினதே இல்லை. விளம்பரத்தில பழசு ஒண்டு பாத்தனான். நல்ல வடிவு, புதுப் பெயின்ற், ஆனா பூட்டுற கம்பியள் வேற பைக்கில இருந்து கழட்டினது. விக்கிறவர் எதுக்கும் பொருந்தும் எண்டுறார். எடுக்கலாமோ? கராஜில நானே பூட்டலாமோ? இல்லாட்டி சைட்காரோடயே வாற ரஷ்ய பைக், யூரல் ஒண்டை முழுசா வாங்குறதோ?

குணா, ஒட்டாவா

தம்பி, அந்த விளம்பரத்தை விடுங்கோ. பெட்டியில பிழையில்லாமல் இருக்கலாம். கம்பிதான் பிரச்சினை.

உங்கட பைக்கின்ர சட்டம், அதாவது ஃபிறேம், அலுமினியம். 2000ஆம் ஆண்டு வரைக்கும் வந்த ஜிஎல்1500க்கு இரும்புச் சட்டம். அதில கிளாம்ப் போட்டு இறுக்கி ஓடினவை கனபேர். 2001இல வந்த ஜிஎல்1800இல அந்த வேலை செய்யக் கூடாது. உங்கட மொடலுக்கெண்டே செய்த துணைச்சட்டம் வேணும். அது எஞ்சினுக்குக் கீழால போய், பைக்கில ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டையளில பிடிக்கும். அந்தச் சட்டத்தில கீழ ரெண்டு, மேல ரெண்டு எண்டு நாலு இடத்தில சைட்கார் பூட்டுப்படும். கீழ் ரெண்டும் பாரத்தைத் தாங்கும், மேல் ரெண்டும் பைக் எவ்வளவு சரிஞ்சு நிக்கவேணும் எண்டதைப் பிடிக்கும். கென்டக்கியில ஹனிகன், வாஷிங்டன் மாநிலத்தில டிஎம்சி மாதிரி சைட்கார் செய்யிற ஆக்கள் கோல்ட்விங்குக்கு இந்த வேலை செய்து பேர் எடுத்தவை. அவையின்ர பெட்டி பழசா வந்தாலும் எடுக்கலாம், துணைச்சட்டம் உங்கட மொடலுக்கு உரியதாக இருக்கவேணும்.

அடுத்த காசு முன் சில்லைப் பிடிக்கிற ஃபோர்க்குக்கு. பெட்டியின்ர வடிவைப் பாத்துக் காசை முடிச்சுப்போட்டு, இதை அடுத்த வருசம் பாப்பம் எண்டு விடுற ஆக்களைக் காணக்காண எனக்கு மனம் பொறுக்கிறதில்லை. ஹாண்டில் திரும்புற அச்சை நேராக் கீழ நீட்டினால் தரையில படுற இடத்துக்கும், முன் ரயர் தரையைத் தொடுற இடத்துக்கும் இடையில உள்ள தூரம்தான் ட்ரெயில். கோல்ட்விங்குக்கு அது 109 மில்லிமீற்றர். சரிஞ்சு திரும்புற பைக்குக்கு அது திறமான கணக்கு. சைட்கார் பூட்டினால் பைக் சரியாது, ஹாண்டிலைப் பிடிச்சுத் திருப்பினால்தான் திரும்பும். 400 கிலோவுக்கு மேல நிக்கிற பைக், அதோட பெட்டி, பெட்டிக்குள்ள ஆள். அரை நாள் ஓட்டத்திலயே தோள் ரெண்டும் விட்டுப்போகும். ஃபோர்க்கைப் பிடிக்கிற தட்டு ரெண்டையும் மாத்தி ட்ரெயிலை அரைவாசி அளவுக்குக் கொண்டுவந்தால் ஒரு கையாலயும் திருப்பலாம். வேகம் குறைக்கேக்க, 30, 40 கிலோமீற்றர் வேகத்தில ஹாண்டில் நடுங்கப் பாக்கும். அதுக்கு அந்த நடுக்கத்தை அமத்துற ஸ்ரியரிங் டாம்பர் போடவேணும். உங்கடது 2010 எண்டது வசதி. 2018இல வந்த கோல்ட்விங்குக்கு முன்னுக்கு வழமையான ஃபோர்க்கே இல்லை, அதின்ர கதை வேற.

மூண்டாவது பிறேக். பெட்டிச் சில்லுக்குப் பிறேக் கட்டாயம் வேணும். உங்கட பைக்கில முன் பிறேக்கும் பின் பிறேக்கும் ஒண்டோடொண்டு தொடுத்திருக்கு, அதால அந்தக் குழாயில கை வைக்கிறது தெரிஞ்சவன் செய்யவேண்டிய வேலை. பின் பிறேக் பெடலுக்குப் பக்கத்தில தனிப் பெடல் வைச்சு, ஒரு சப்பாத்தால ரெண்டையும் மிதிக்கிற மாதிரியும் செய்வினம். எனக்கு அதுதான் பிடிச்சது.

யூரல் நல்ல வண்டி. மண் றோட்டிலயும் பனியிலயும் அதுக்கு நிகரில்லை. ஆனா 749 சிசி, 40 சொச்சம் குதிரைவலு. 401 பெருந்தெருவில லொறியளுக்கு நடுவில மனுசியை வைச்சுக்கொண்டு கெபெக் வரைக்கும் போக நான் அதை எடுக்கமாட்டன்.

இனிப் பூட்டுறது. துணைச்சட்டமும் தட்டும் பிறேக்கும் கடையில செய்விக்கவேணும். அளவு பாக்கிறதை நீங்களும் பழகவேணும், ஏனெண்டால் முதல் மாதங்களில எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சு இருக்கும். மட்டமான சீமெந்துத் தரை, நேரான நீள அலுமினியச் சட்டம் ரெண்டு. ஒண்டைப் பைக்கின்ர ரெண்டு ரயரிலயும் தொட வையுங்கோ, மற்றதைப் பெட்டிச் சில்லின்ர ரயரில. முன் சில்லுக்கு முன்னாலயும் பின் சில்லுக்குப் பின்னாலயும் இடைவெளியை அளவுங்கோ. முன்னுக்கு 12 முதல் 20 மில்லிமீற்றர் குறைவாக இருக்கவேணும். இந்த உள்வாங்கல் இல்லாட்டி வண்டி எந்த நேரமும் பெட்டிப் பக்கம் இழுக்கும். கூடினால் ரயர் அரம் போட்ட மாதிரித் தேயும்.

பெட்டிச் சில்லின்ர அச்சு பைக்கின்ர பின் அச்சுக்கு 200 முதல் 300 மில்லிமீற்றர் முன்னுக்கு நிக்கவேணும். எங்களுக்குப் பெட்டி வலப்பக்கம். இடப்பக்கம் வேகமா வளைக்கேக்க பெட்டியின்ர மூக்கு குத்தி, பைக்கின்ர பின் சில்லு கிளம்பாமல் காக்கிறது இந்தத் தூரம்தான்.

பிறகு சரிவு. நீங்கள் சீற்றில இருக்கவேணும், மனுசி பெட்டிக்குள்ள இருக்கவேணும், பெற்றோல் ராங்க் நிறைஞ்சிருக்கவேணும். அப்ப பைக் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஒண்டு, ஒண்டரைப் பாகை சரிஞ்சு நிக்கட்டும். ஓடிப் பாத்து, பெட்டிப் பக்கம் இழுத்தால் இன்னும் கொஞ்சம் வெளிய சரியுங்கோ. எங்கட றோட்டுகள் தண்ணி ஓட வலப்பக்கம் சரிவு, அதையும் கணக்கில எடுங்கோ.

கடைசியா ஓட்டம். கனவருசம் பைக் ஓடினவைக்குத்தான் இது கூட ஆபத்து. வலப்பக்கம் திரும்பேக்க பெட்டி கிளம்பும். உங்கட கை பழக்கதோசத்தில ஹாண்டிலை மற்றப் பக்கம் தள்ளும். வண்டி எதிர்வாற லேனுக்குள்ள போகும். ஞாயிற்றுக்கிழமை காலமை ஆளில்லாத பார்க்கிங் லொட்டில, வெறும் பெட்டியோட, வலப்பக்க வட்டமா மெல்ல மெல்ல ஓடி அந்தக் கிளம்பலை உடம்புக்குப் பழக்குங்கோ. கிளம்பினால் ஹாண்டிலைக் கொஞ்சம் நேராக்கி, காஸைப் பதறாமல் குறைச்சால் இறங்கும். அது பழகும்வரை றோட்டுக்கு வரேக்க பெட்டிக்குள்ள 40 கிலோ மண் மூட்டை, அசையாமல் கட்டி. மனுசி அதுக்குப் பிறகு.

கௌரி, டோர்ட்முண்ட்

குணா அண்ணை ஓடுற ஆளின்ர பக்கத்தைச் சொல்லிப்போட்டார். நான் பெட்டிக்குள்ள இருக்கிற ஆள். முழங்கால் ஏலாமல் போனபிறகு இவர் எனக்காகப் பூட்டினவர்.

தம்பி, வாங்க முந்தி அவவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பாருங்கோ. சைட்கார் சீற் எல்லாம் பதிவு. இருந்தால் முழங்கால் இடுப்பை விட உயர நிக்கும். இடுப்பு மாத்தின கன பேருக்கு 90 பாகைக்கு மேல மடக்கக் கூடாது எண்டு சொல்லிவிடுவினம். அவவுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கோ எண்டு முதல் டொக்டரிட்டைக் கேளுங்கோ. அழுத்தமான பஞ்சு வைச்சு சீற்றை உயர்த்தலாம், ஆனா உயர்த்தினால் முன்கண்ணாடிக்கு மேல தலை வந்து காத்து அடிக்கும். கண்ணாடியும் உயரமா வேணும்.

கதவு இருக்கிற பெட்டியா எடுங்கோ. கதவு திறந்து, விளிம்பில இருந்து, ரெண்டு காலையும் சேர்த்து உள்ளுக்குத் திருப்பிற மாதிரி இருந்தால் போதும். எழும்பேக்க பிடிக்க உறுதியான கைபிடி வேணும். கண்ணாடியின்ர விளிம்பைப் பிடிச்சு எழும்ப விடாதேங்கோ.

பெட்டிச் சில்லு றோட்டோரக் குழியெல்லாத்துக்கையும் விழும். ஓடுறவருக்கு அது தெரியாது, எங்கட முதுகுக்குத் தெரியும். நல்ல ஷொக் போடச் சொல்லுங்கோ. ஹெல்மெட்டில இன்ரகொம் கட்டாயம். நான் சொல்லுறது கேக்காட்டி அவர் வேகத்தைக் குறைக்கமாட்டார்.

இஞ்ச ஜெர்மனியில ஒவ்வொரு மாற்றத்தையும் பொறியியலாளர் பாத்து வாகனப் பத்திரத்தில ஏத்தவேணும். ஆறப் போட்டுத்தான் முடியும். ஆனா அந்தப் பத்திரம் கையில இருக்கிறதால எனக்கு நிம்மதி.

முருகேஷ், கோயம்புத்தூர்

அண்ணா, நல்ல விளக்கம். நம்ம ஊர்ல படிக்கிறவங்க ஒண்ண கவனிங்க: இங்க வண்டி இடது பக்கம் ஓடுது, சைட்காரும் இடது பக்கம்தான். அதனால அவர் வலதுன்னு சொன்ன இடமெல்லாம் நமக்கு இடது. இடது வளைவுல பெட்டி தூக்கும், வலது வளைவுல மூக்கு குத்தும். ரோடு சரிவும் இடது பக்கம். இன்னொண்ணு, வண்டியில மாற்றம் செய்யறது பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு. ஆர்டிஓ ஆபீஸ்ல பேசி, ஆர்சில ஏத்தாம எதையும் மாட்டாதீங்க. பிடிச்சா ஃபைன் கட்டிரலாம், விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கை விரிச்சிரும்.

செந்தூரன், ஸ்காபரோ

எல்லாருக்கும் நன்றி. கௌரி அக்கா எழுதினதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். டொக்டருக்குக் கேள்வியளை அவவே எழுதி வைச்சிருக்கிறா. குணா அண்ணை, பின் ரயரை மாத்தவேணுமோ? இன்சூரன்ஸ்காரருக்கு எப்ப சொல்லுறது?

குணா, ஒட்டாவா

இன்சூரன்ஸ் முதல். கடைக்கு ஒரு சதம் குடுக்க முந்தி போன் எடுத்து, சைட்கார், பயணி, முன் தட்டு மாத்திறது எல்லாத்தையும் சொல்லி, பதிலை எழுத்தில வாங்குங்கோ. சில கொம்பனியள் மாட்டன் எண்டும், அப்ப வேற இடம் பாக்க நேரம் வேணும்.

பின் ரயர் இப்ப இருக்கிறதோட தொடங்குங்கோ. சரியாமல் ஓடுறதால நடுப்பக்கம் தட்டையாத் தேயும், கெதியா முடியும். முடிஞ்சபிறகு தட்டை முகம் உள்ள கார் ரயர் போடுற ஆக்கள் இருக்கினம். றிம்முக்குப் பொருந்துற அளவை, சைட்கார் பூட்டிப் பழகின கடையிலதான் கேக்கவேணும். ஆனா ஒருக்கா கார் ரயர் போட்டால், பெட்டியைக் கழட்டி வெறும் பைக்கா ஓடுற எண்ணத்தை விடுங்கோ.

கடையில துணைச்சட்டம் பூட்டேக்க நீங்களும் பக்கத்தில நிண்டு பாருங்கோ, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்கு எண்டு எழுதி வாங்குங்கோ. முதல் 100 கிலோமீற்றர் ஓடினவுடன எல்லாத்தையும் திருப்பி இறுக்கிப் பாக்கவேணும், அதுக்குப் பிறகு ஒவ்வொரு தூரப் பயணத்துக்கும் முந்தி.