இரவில் பிரதான குடிநீர்க் குழாய் உடைந்தால் நகர மக்களுக்கு எதை, எந்த வழியில், யார் சொல்வது?

தகவல்பிரிவு:
வணக்கம். எங்கள் மாநகராட்சிக்கு அவசரத் தகவல் நடைமுறை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். 2 லட்சம் கைபேசி எண்கள் பதிவாகியுள்ளன. மொத்த எஸ்எம்எஸ், இணையதளம், ஒலிபெருக்கி வண்டிகள், சில சைரன்கள் கையில் உள்ளன. செல் பிராட்காஸ்ட் (கோபுரம் வழியாக எல்லாக் கைபேசிக்கும் போகும் ஒலிபரப்பு) வேண்டுமென்றால் மேலே உள்ள பேரிடர் அலுவலகத்திடம் கேட்டுத்தான் அனுப்ப முடியும்.

இரவு 8 மணிக்குப் பிரதான குழாய் உடைகிறது, ஆறு வார்டுகளில் அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? செய்தியை எப்படி எழுதுவது? வரி நினைவூட்டல், முகாம் அறிவிப்பு எல்லாம் போய்ப் போய், எங்கள் செய்தியைத் திறக்காமலே அழிப்பவர்கள் கூடிவிட்டார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

வால்வுசாவி:
பொதுமக்களுக்குச் செய்தி போவதற்கு முன்பு சில தொலைபேசி அழைப்புகள் போயாக வேண்டும். முதல் அழைப்பு தீயணைப்பு நிலையத்துக்கு. அந்த வார்டுகளின் ஹைட்ரண்டில் (தீயணைக்க நீர் எடுக்கும் தெருக் குழாயில்) தண்ணீர் வராது என்று தெரிந்தால்தான் டேங்கர் வண்டியோடு கிளம்புவார்கள். அடுத்தது மருத்துவமனைகள், குறிப்பாக டயாலிசிஸ் மையங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரம் ஓடினால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அவர்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்: அழுத்தம் விழும்போது ஒரு தடவை, பழுது முடிந்து குழாயைக் கிருமிநீக்கம் செய்யக் குளோரினைக் கூட்டும் முன்பு ஒரு தடவை. குளோரினோ அதன் சேர்மமான குளோரமினோ அவர்களுடைய கார்பன் வடிகட்டியைத் தாண்டிவிட்டால் நோயாளியின் சிவப்பணுக்கள் சிதையும். இந்த இரண்டாவது அழைப்பு அடிக்கடி விட்டுப்போகிறது. நடைமுறையில் இதற்குத் தனி வரி ஒதுக்கி, அழைத்தவர் நேரம் எழுதிக் கையெழுத்திடும்படி வையுங்கள்.

பிறகு, எந்த வகை எச்சரிக்கை என்பதைக் குழப்பாதீர்கள். "கொதிக்க வைத்துக் குடிக்கவும்", "குடிக்க வேண்டாம்", "எதற்குமே பயன்படுத்த வேண்டாம்" ஆகிய மூன்றும் வேறு வேறு. 24 மணி நேரமும் அழுத்தத்தில் இருக்கும் குழாய்களில் அது 20 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது அழுத்த அலகு) கீழே இறங்கினால், கசிவுகள் வழியாக வெளியில் தேங்கிய நீர் உள்ளே இழுக்கப்படலாம். கிருமி அபாயம் என்பதால் அங்கே கொதிக்கவைக்கும் அறிவிப்பு போதும். நைட்ரேட் போன்ற ரசாயனம் கலந்த சந்தேகம் இருந்தால் கொதிக்கவைக்கச் சொல்வதே தவறு. தண்ணீர் ஆவியாகிக் குறைய, நைட்ரேட் அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. டீசல் வாடை வந்தால் மூன்றாவது வகைக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் குளிக்கும்போதும் ஆவி மூக்கில் ஏறும்.

"நன்றாகக் கொதிக்க வைக்கவும்" என்று எழுதினால் வீட்டுக்கு வீடு ஒரு அர்த்தம். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களில் 3 நிமிடம் என்று எழுதுங்கள். பல் துலக்க, பழம் கழுவ, பால்பவுடர் கரைக்க, ஐஸ் கட்டி வைக்க எல்லாவற்றுக்கும் கொதித்து ஆறிய நீர்தான். குளிக்கலாம், ஆனால் வாயில் படக் கூடாது.

எப்போது முடியும் என்று கேட்பார்கள். கிருமி கலந்ததா என்று காட்டும் கோலிஃபார்ம் பரிசோதனையில் நீர் மாதிரியை அடைகாக்கவே 18 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆகவே "காலைக்குள் சரியாகும்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. குழாய் சரியாகியிருக்கும், ஆனால் முடிவு வந்திருக்காது. எச்சரிக்கையை விலக்கும் அறிவிப்பிலும் வேலை உண்டு: ஒவ்வொரு குளிர்நீர்க் குழாயையும் 5 நிமிடம் திறந்துவிட வேண்டும், மேல்நிலைத் தொட்டியைக் காலிசெய்து நிரப்ப வேண்டும், அந்த நாட்களில் செய்த ஐஸைக் கொட்ட வேண்டும், வடிகட்டியின் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். வெறுமனே "எச்சரிக்கை நீங்கியது" என்று அனுப்பினால் தொட்டியில் நிற்கும் பழைய தண்ணீரைத்தான் குடிப்பார்கள்.

கோபுரஅலை:
எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு 160 எழுத்து கிடையாது, 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணினால் கணக்கு தப்பும், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "கொதிக்க" பார்க்க நான்கு எழுத்து, கணக்கில் 7.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"மாநகராட்சி: வார்டு 14-19, குழாய் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவும். குழாய் உடைப்பு. குளிக்கலாம். அடுத்த தகவல் இரவு 10 மணி."

இடைவெளி, புள்ளி உட்பட 122. இரண்டு துண்டில் அடங்கும். முதல் வாக்கியம் சரியாக 67-இல் முடிவதால், யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் முதல் துண்டிலேயே இருக்கின்றன. "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று தொடங்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். 2 லட்சம் எண்கள், ஆளுக்கு 2 துண்டு என்றால் 4 லட்சம். உங்கள் எஸ்எம்எஸ் நுழைவாயில் (செய்திகளை வெளியே அனுப்பும் அமைப்பு) வினாடிக்கு 100 துண்டு தள்ளும் என்று வைத்தால் 4000 வினாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். மூன்று துண்டானால் 100 நிமிடம். எனவே ஒப்பந்தத்தில் இந்த வேகம் எவ்வளவு என்று பாருங்கள், பட்டியலையும் வார்டு வாரியாகப் பிரித்து வைத்து, பாதித்த ஆறு வார்டுகளுக்கு முதலில் அனுப்புங்கள்.

செல் பிராட்காஸ்ட் வேறு விதம். எண் தேவையில்லை, கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே ஒலிபரப்பு, நெரிசலில் சிக்காது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தெரியாது. எஸ்எம்எஸ் உயிரைக் காக்கப் போதாத நிலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காமன் அலர்ட்டிங் புரோட்டோகால் (எச்சரிக்கைகளுக்கான பொது வடிவம்) கோப்பாக அனுப்புவதாக இருந்தால் மூன்று இடங்களில் வழுக்கும். பாதித்த பகுதியைக் குறிக்கும் பலகோணத்தில் அட்சரேகை முன்னால், தீர்க்கரேகை பின்னால் வர வேண்டும். வரைபட மென்பொருள் தரும் ஜியோஜேசான் என்ற கோப்பு வடிவம் இதைத் தலைகீழாகத் தருவதால், அப்படியே ஒட்டினால் எச்சரிக்கை வேறெங்கோ போய் விழும். முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரத்தின் கடைசியில் "இசட்" போடக் கூடாது, உலகப் பொது நேரமாக இருந்தாலும் "-00:00" என்றே எழுத வேண்டும். ஒலிபரப்பில் இன்னொன்று: செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்பும்போது புதுப்பிப்பு எண்ணை மாற்றாவிட்டால், கைபேசி அதைப் பழைய செய்தியின் நகல் என்று நினைத்துக் காட்டவே காட்டாது.

தகவல்பிரிவு:
மிக்க நன்றி. 67 கணக்கை இன்றே எங்கள் வார்ப்புகளில் (முன்பே எழுதிவைத்த மாதிரிச் செய்திகளில்) சரிபார்க்கிறோம். இந்த நிலைமைக்குச் சைரன் ஒலிக்கலாமா? ஆணையர் ஊரில் இல்லாத இரவில் யார் கையெழுத்து?

இரவுப்பணி:
குடிநீருக்குச் சைரன் வேண்டாம். சைரன் வெளியில் நிற்பவர்களுக்கான கருவி. 30 மீட்டரில் 120 டெசிபல் தருவது, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 10 குறையும் என்று கணக்கிட்டால், 480 மீட்டரில் 80தான். சன்னலைச் சாத்தித் தூங்குபவருக்குக் கேட்காது. கேட்டாலும் என்ன செய்வது என்று அது சொல்லாது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹவாயில் மௌயி தீவின் லஹைனா தீயின்போது சைரன்கள் ஒலிக்கப்படவில்லை. அங்கே சைரன் என்றாலே ஆழிப்பேரலை, மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே ஓடிவிடுவார்கள் என்று அஞ்சியதாக அப்போதைய பொறுப்பதிகாரி விளக்கம் தந்தார். ஒரு ஒலிக்கு ஒரு அர்த்தம்தான், அதையும் முன்கூட்டியே சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அனுப்பும் அதிகாரம் பதவிக்கு, ஆளுக்கு அல்ல. ஆணையர் 10 நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் இரவுக் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர் அனுப்பலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் 2024 அக்டோபர் 29 அன்று கைபேசி எச்சரிக்கை இரவு 8:11க்குத்தான் போனது. அதற்குள் பல ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது.

அவசரம் என்பதற்காக ஒரே ஆள் பொத்தானை அழுத்தும்படியும் வைக்காதீர்கள். ஹவாயில் 2018 ஜனவரி 13 காலை 8:07க்கு ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை போனது. கைபேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் "தவறான எச்சரிக்கை" என்ற வார்ப்பு தயாராக இல்லை. அதன் பிறகுதான் இருவர் சேர்ந்து அனுப்பும் முறை வந்தது. உங்கள் அலமாரியில் ஒவ்வொரு எச்சரிக்கை வார்ப்புக்கும் பக்கத்திலேயே அதன் திருத்தமும் விலக்கமும் எழுதி வைத்திருக்கட்டும். ஒத்திகையில் விலக்கத்தையும் அனுப்பிப் பாருங்கள். ஒத்திகைக் கணக்கும் உண்மைக் கணக்கும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மென்பொருள்காரரிடம் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

மக்கள் படிக்காமல் அழிப்பதற்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். வரிக்கும் முகாமுக்கும் வேறு அனுப்புநர் பெயர் வாங்குங்கள். அவசரப் பெயரிலிருந்து அவசரம் தவிர ஒன்றும் போகக் கூடாது. "அடுத்த தகவல் இரவு 10 மணி" என்று சொன்னால் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 10 மணிக்கு "நிலைமை அப்படியே உள்ளது" என்று அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அந்த இடைவெளியை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

முகப்புப்பக்கம்:
எஸ்எம்எஸ் போன மறுநிமிடமே எல்லோரும் இணையதளத்தைத் திறப்பார்கள். ஒரு எச்சரிக்கை வந்ததும் வேறொரு இடத்தில் அதைச் சரிபார்த்த பிறகே மக்கள் செயல்படுவார்கள், அது இயல்பு. அந்த நேரத்தில் தளம் படுத்துவிட்டால் செய்தியையே நம்ப மாட்டார்கள். அவசரப் பக்கத்தைப் படம், வீடியோ எதுவும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கமாக, 50 கிலோபைட்டுக்குள், வேறு சர்வரில் வையுங்கள். வார்டு எண் தெரியாதவர்கள் நிறைய, அதனால் தெருப் பெயர்ப் பட்டியலும் அங்கே வேண்டும்.

அறிவிப்பை வெறும் படமாகப் போடுவதை நிறுத்துங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்காது, தேடலிலும் வராது. வாட்ஸ்அப்புக்காகப் படம் வேண்டுமென்றால் கூடவே எழுத்தாகவும் கொடுங்கள். படத்துக்குள் தேதி, மணி, எதுவரை செல்லும் என்பதைப் பெரிதாகப் போடுங்கள். தேதியில்லாத படம் ஆறு மாதம் கழித்தும் சுற்றி வந்து இன்னொரு பீதியைக் கிளப்பும்.

ஒலிபெருக்கி வண்டிக்கும் ஒரு வார்த்தை: ஓடிக்கொண்டே அறிவித்தால் ஒரு வீட்டுக்குப் பாதி வாக்கியம்தான் கேட்கும். தெருமுனையில் நிறுத்தி, எஸ்எம்எஸ்ஸில் உள்ள அதே சொற்களை இரண்டு முறை வாசித்துவிட்டு அடுத்த முனைக்கு நகரச் சொல்லுங்கள்.