‘லூப்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்: பழைய ஜீப் டேஷ்போர்டுக்கான கலைச்சொற்கள்

குன்னூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். பழைய ஜீப்புகளில் மீட்டர்களைச் சுலபமாகக் கழற்றிப் பழுதுபார்க்கும்படி டேஷ்போர்டை மாற்றியமைப்பது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. டேஷ்போர்டு, மீட்டர், கப்ளர் (ஒயர்களை மாட்டிக் கழற்றும் இணைப்பான்), எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு) ஆகியவை அப்படியே இருக்கட்டும். பட்டறையில் யாரும் வேறு சொல் சொல்வதில்லை. கீல் வைத்து முன்பக்கம் சாயும் தகட்டுக்குச் ‘சாய்பலகை’ பொருத்தமாக இருக்கிறது.

இழுபறி ஒரு சொல்லில்தான். பலகையைச் சாய்க்கும்போது ஒயரும் அறுபடாமல் கூடவே வர, வெட்டும்போதே கொஞ்சம் நீளம் கூட்டி விடுகிறோமே, பட்டறையில் ‘லூப்’ என்கிறோமே, அதற்குப் பட்டியலில் ‘சேவை வளையம்’ என்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நீளம் பல இடங்களில் வளையமாக இருப்பதே இல்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அதுதான் அளவுகோல். பழைய அமைப்பில் ஒவ்வொரு மீட்டரையும் பின்பக்கம் ஒரு பாலப்பட்டையும் இரண்டு சிறு நட்டும் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்ற டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். மாற்றும்போது மீட்டர்களை 2 மி.மீ. அலுமினியத் தகட்டுக்கு நகர்த்தி, கீழ் விளிம்பில் பியானோ கீலும் (விளிம்பு நெடுக ஓடும் நீளக் கீல்) மேல் விளிம்பில் கையாலேயே திருகும் இரண்டு எம்5 திருகுகளும் வைக்கிறோம். தகட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டை அவசியம். இல்லாவிட்டால் மலைச்சாலையில் தகடு அதிரும், முள்ளும் ஆடும். டேஷ்போர்டின் இரும்பில் திறப்பைப் பெரிதாக்கினால் சுற்றிலும் விளிம்பு மிஞ்ச வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் பிடிப்புக்குப் பக்கத்தில் வெட்டவே கூடாது.

ஒயர்கள் கீலைக் கடக்கும் இடம்தான் முக்கியம். கீலுக்குக் குறுக்கே நேராகக் கொண்டுபோனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரே புள்ளியில் மடிந்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். கீலுக்கு இணையாகச் சுமார் 150 மி.மீ. ஓடவிட்டு, இரு முனையிலும் கிளிப் போட்டால் ஒயர் மடியாமல் முறுக்கிக்கொள்ளும், பல வருடம் தாங்கும். இந்த அமைப்பில் வளையம் எங்கே இருக்கிறது?

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் சிக்கல் இன்னும் பெரியது. ‘லூப் விடு’ என்று பட்டறையில் சொல்வது ஒன்றல்ல, மூன்று.

ஒன்று, நீங்கள் சொன்ன கூடுதல் நீளம். இரண்டாவது, டெம்பரேச்சர் மீட்டரின் நுண்குழாயில் போடும் சுருள். பழைய மீட்டர்களில் இன்ஜினில் சூட்டை உணரும் குமிழிலிருந்து மீட்டர் வரை ஒரே குழாய், உள்ளே ஈதர். அதை வெட்டி ஒட்ட முடியாது. நெளிந்து ஒடிந்தாலோ துளை விழுந்தாலோ ஈதர் போய்விடும், முள் அடியிலேயே கிடக்கும். இன்ஜின் அதிரும், பாடி வேறு விதமாக அதிரும், இரண்டுக்கும் நடுவே குழாய் களைத்து விரிசல் விடாமலிருக்க 60, 70 மி.மீ. விட்டத்தில் இரண்டு சுற்றுச் சுருட்டிவிடுகிறோம். இது பலகை திறப்பதற்காக விட்டதல்ல. தெரியாதவர் ‘லூப் இருக்கிறதே’ என்று பலகையோடு சேர்த்து இழுத்தால் மீட்டர் போயிற்று. நம் மலையில் அது சின்ன இழப்பல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தினாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் வண்டிக்கு மீட்டர் சரியாகக் காட்டுவது உயிர்நாடி.

மூன்றாவது, தண்ணீர் வடிவதற்காக விடுவது. இன்ஜின் பக்கமிருந்து வரும் ஒயர் நேரே கீழிறங்கி மீட்டருக்குள் போனால், மழைநீரும் பனிநீரும் அதன் மேலேயே வழிந்து டெர்மினலில் சேரும், பச்சை பூக்கும். ஒயரை மீட்டருக்குக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றினால் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், இங்கே ஐப்பசி, கார்த்திகையிலும் இது இல்லாமல் வண்டி தாங்காது.

ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும். ‘வளையம்’ எதிலும் வேண்டாம்.

கொடைக்கானலிலிருந்து:

மூன்றாகப் பிரித்ததை மனமார வரவேற்கிறேன். கூடுதல் நீளத்துக்கு முன்பு ‘தொய்வு’, ‘தளர்நீளம்’ இரண்டும் பரிந்துரைக்கப்பட்டன. இரண்டும் ஆபத்து. ‘பணியில் தொய்வு’ என்றுதான் காதுக்குப் பழக்கம், குறை என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். ‘தளர்’ என்றாலோ லூஸ் கனெக்‌ஷன் என்று எடுத்துக்கொள்வார்கள், முறுக்கி இறுக்கப் போவார்கள்.

ஒயர் வெட்டும்போது எல்லோரும் சொல்வது ‘கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்டு’. இந்த ‘மிச்சம்’ வேண்டுமென்றே விட்டதைக் குறிக்கிறது. எதற்காக விட்டது என்பதை முன்னால் சேர்த்தால் ‘கழற்றுமிச்சம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சொன்னவுடன் புரியும், ‘கழற்றுமிச்சம் விடு’ என்று வாக்கியத்திலும் உட்காரும். வடிவதற்குச் ‘சொட்டுவளைவு’. நுண்குழாய்க்கு ‘அதிர்வுச்சுருள்’ என்றால் அதிர்வை உண்டாக்கும் சுருள் என்று படும். ‘தாங்குசுருள்’ என் பரிந்துரை.

கோத்தகிரியிலிருந்து:

கழற்றுமிச்சம் எனக்கு முழுச் சம்மதம். தாங்குசுருள் என்றால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் என்று நினைக்கமாட்டார்களா? அதற்குச் ‘சுருள்வில்’ புழக்கத்தில் இருப்பதால் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ‘நுண்குழாயின் தாங்குசுருள்’ என்றே எங்கும் எழுதினால் குழப்பம் வராது.

விளக்கத்தில் அளவு கட்டாயம் வேண்டும். ‘மிச்சம்’ என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். பலகை 150 மி.மீ. வெளியே வர வேண்டுமானால், மூடிய நிலையில் வேண்டியதைவிட 175 மி.மீ. கூட இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் அந்த மிச்சம் வைப்பர் இணைப்பிலோ பெடல் தண்டிலோ உரசும். பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, அதன் தோல் உரிந்தால் தீ. மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டருக்குப் போகும் 6 சதுர மி.மீ. ஒயரில் மெல்லிய இழைகள் நிறைந்த வகையைத்தான் வாங்க வேண்டும். விறைப்பான ஒயரில் கழற்றுமிச்சம் விட்டால் அது மடங்காமல் ஆம்மீட்டரின் போல்ட்டையே நெம்பும். அந்த போல்ட்டுகளுக்கு ரப்பர் உறை போடுங்கள். பலகையைத் திறக்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, சாய்பலகைக்குத் தனி எர்த் ஒயர். கீல் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பினால் பெயின்டும் துருவும் ஏமாற்றும். மின்சார மீட்டர்களுக்குச் சீராக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் உள்ள வண்டியில் அதன் எர்த் போனால் பெட்ரோலும் டெம்பரேச்சரும் ஒன்றாக அதிகம் காட்டும். மீட்டர் கெட்டது என்று இரண்டையும் மாற்றுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும். இந்தக் கறுப்பு ஒயருக்கும் கழற்றுமிச்சம் உண்டு என்பதை எடுத்துக்காட்டு வாக்கியமாகவே வைக்கலாம்.

குன்னூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

கழற்றுமிச்சம் – கருவியையோ பலகையையோ இணைப்பு அறுக்காமல் வெளியே எடுக்க, ஒயரிலும் வளையும் குழாயிலும் வேண்டுமென்றே விடும் கூடுதல் நீளம். எ.கா.: ‘கறுப்பு எர்த் ஒயருக்கும் 175 மி.மீ. கழற்றுமிச்சம் விடுக.’

‘வளையும் குழாய்’ என்று சேர்த்தது ஆயில் பிரஷர் மீட்டருக்காக. அதன் செம்புக் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைத்தால் செம்பு இறுகி வெடிக்கும், ஓட்டுநர் காலில் சுடு எண்ணெய் கொட்டும். மீட்டர் பக்கக் கடைசிப் பகுதியை நைலான் குழாயாக மாற்றி, அதில் மட்டும் கழற்றுமிச்சம் விட வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் பதிவிலேயே சேர்க்கிறேன். நீளம் கூடினால் வளைவு கூடும், 150 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்து வளைந்தால் உள்கம்பி உரசி, முள் துடிக்கும். அதைப் பலகை திறக்குமுன் கழற்றிவிடுவதே முறை. அதற்காகப் பலகைக்கு அடியில் கை நுழைய இடம் விட்டு, திருகுநட்டைக் கையாலேயே எடுக்க வேண்டும். மறுபடி மாட்டும்போது உள்கம்பியின் மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸைத் துடைத்துவிடுக; விட்டால் மீட்டருக்குள் ஏறிவிடும்.

சொட்டுவளைவுக்கு அளவு யாராவது தர முடியுமா? டெர்மினலுக்குக் கீழே 50 மி.மீ. என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.