பேட்டரி 12.4 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் கேரவன் ஃபிரிட்ஜ் நள்ளிரவில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

கேட்பவர் (மண்டைக்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 2016 மாடல் வேன் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேரவனாக மாற்றி அமைத்தோம். பின்கட்டிலின் அடியில் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, கூரையில் 160 வாட் சோலார் பேனல், ஒரு சிறிய இன்வெர்ட்டர், 12 வோல்ட்டில் இயங்கும் 40 லிட்டர் ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறிகள், தண்ணீர் மோட்டார் ஆகியவை உள்ளன. வண்டி ஓடும்போது முன்பக்க பேட்டரியிலிருந்து ஒரு ரிலே (தானாக இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வழியாகப் பின்பக்க பேட்டரியும் சார்ஜ் ஆக வேண்டும்.

ஆனி மாதச் சாரல் தொடங்கியதிலிருந்து, இரவு இரண்டு மணி அளவில் ஃபிரிட்ஜ் குறைந்த வோல்ட் என்று காட்டி நின்றுவிடுகிறது. அதே நேரத்தில், பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜைச் சீராக்கும் சோலார் கண்ட்ரோலரைப் பார்த்தால் 12.4 வோல்ட் என்று காட்டுகிறது. தூத்துக்குடியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்த நாளிலும் பேட்டரி நிறையவில்லை. என் மாமியாரின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில் இருப்பதால், அது நின்றால் எங்களுக்கு உறக்கம் இல்லை. பேட்டரியை மாற்றி எட்டு மாதங்களே ஆகின்றன. ஆனால் கடையில் இதுவும் பலவீனமாகிவிட்டது, லித்தியம் வாங்குங்கள் என்கிறார்கள். பெருந்தொகை என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

டீச்சர், பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவு சரியாக உள்ளதா என்று முதலில் பாருங்கள். சோலார் பேனலின் மேல் கடற்காற்றின் உப்பு படிந்து மங்கியிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சாரல் காலத்தில் பேனலிலிருந்து கிடைப்பது எப்படியும் குறைவுதான்.

தக்கலையிலிருந்து, வாகன மின்பணியாளர்:

டீச்சர், தயவுசெய்து இப்போது எதையும் வாங்க வேண்டாம். கண்ட்ரோலர் 12.4 காட்டும் அதே நொடியில் ஃபிரிட்ஜ் வோல்ட் போதவில்லை என்கிறது என்றால், இரண்டும் வெவ்வேறு இடங்களில் அளக்கின்றன என்றும், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எங்கோ வோல்ட் தொலைகிறது என்றும் பொருள். கண்ட்ரோலரின் ஒயர்கள் பெரும்பாலும் பேட்டரி முனையிலேயே நேராக மாட்டப்பட்டிருக்கும். ஃபிரிட்ஜுக்குச் செல்லும் மின்சாரமோ ஃபியூஸ், ஸ்விட்ச், நீண்ட ஒயர், வண்டியின் பாடி எர்த் (மைனஸ் ஒயருக்குப் பதிலாகப் பயன்படும் வண்டியின் இரும்பு) என்று பல இணைப்புகளைக் கடந்து சென்று திரும்புகிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மாலை முதல் காலை வரை எல்லாவற்றையும் அணைத்து வைத்து, வெயில் வருவதற்கு முன் பேட்டரியின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 இருந்தால் நிறைந்தது, 12.1 அளவில் இருந்தால் ஏறக்குறையப் பாதி. பிறகு ஃபிரிட்ஜை மட்டும் போட்டு, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையிலும் ஃபிரிட்ஜ் பிளக்கிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அடுத்ததுதான் முக்கியமானது. கம்ப்ரசர் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதேபோல் ஃபியூஸின் இரு பக்கங்களிலும் வைத்துப் பாருங்கள்.

மீட்டரின் பஸ்ஸர் ஒலித்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் எத்தனையோ நல்ல பேட்டரிகள் பழைய விலைக்குப் போயிருக்கின்றன. ஒயரில் நூறு இழைகளில் ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் பஸ்ஸர் ஒலிக்கும். மின்சாரம் பாயும்போது அளந்தால்தான் இணைப்பின் குறை வெளிப்படும்.

கேட்பவர்:

மிக்க நன்றி, தம்பி. நீங்கள் சொன்னபடியே என் கணவர் மீட்டர் பிடிக்க, நான் குறித்துக்கொண்டேன். காலையில் ஓய்வில் இருந்த பேட்டரி 12.5 வோல்ட். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனையில் 12.3, ஃபிரிட்ஜ் பிளக்கில் 11.0. பேட்டரி மைனஸுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே 0.9. ஃபியூஸ் பெட்டியில் 0.23. ஃபிரிட்ஜ் எடுக்கும் மின்னோட்டத்தை ஒரு நண்பரின் டிசி கிளாம்ப் மீட்டரில் அளந்தோம், 4.2 ஆம்பியர். ஏதும் போடாதபோதும் இன்வெர்ட்டருக்கு 0.9 ஆம்பியர் சென்றுகொண்டிருக்கிறது, இது இயல்புதானா?

தக்கலையிலிருந்து, வாகன மின்பணியாளர்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள், டீச்சர். பேட்டரியிலிருந்து பிளக்குக்குள் 1.3 வோல்ட் தொலைகிறது, அதில் 0.9 எர்த் இணைப்பில் மட்டும் போகிறது. 0.9 வோல்ட்டை 4.2 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 0.21 ஓம். சுத்தமான ஓர் இணைப்பில் இருக்க வேண்டிய தடையைவிட இது பல நூறு மடங்கு அதிகம். கம்ப்ரசர் புறப்படும் நொடியில் அது கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அப்போது இழப்பும் கூடுகிறது, ஃபிரிட்ஜின் பாதுகாப்பு அமைப்பு நிறுத்திவிடுகிறது. பகலில் சோலார் பேட்டரியைத் தூக்கிப் பிடிப்பதால் தெரியவில்லை.

பயணத்தில் சார்ஜ் ஏறாததற்கும் பெரும்பாலும் இதே இணைப்புதான் காரணமாக இருக்கும். உங்கள் மாடல் வண்டியின் ஆல்டர்நேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். பேட்டரி 12.6 இருக்கும்போது மிச்சம் ஒன்றரை வோல்ட்தான், அது 0.21 ஓம் தடையையும் மெல்லிய ஒயரின் தடையையும் தள்ளிக்கொண்டு வர வேண்டும். 6 ஆம்பியர் வந்தாலே அதிகம். மூன்று மணி நேரம் ஓட்டினாலும் 18 ஏஎச் மட்டுமே சேரும்.

இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் எடுப்பது இயல்புதான். ஆனால் 0.9 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 22 ஏஎச் ஆகிறது. உங்கள் ஃபிரிட்ஜ் நேரத்தில் நாற்பது சதவீதம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கே நாளொன்றுக்கு 40 ஏஎச்தான். மிக்ஸி ஓட்டும் நேரம் தவிர இன்வெர்ட்டரை அதன் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

அந்த எர்த் போல்ட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அவிழ்ப்பதற்கு முன் சோலார் பேனலின் ஒயரைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

சின்னமுட்டத்திலிருந்து, விசைப்படகு மின்வேலை செய்பவர்:

டீச்சர், மண்டைக்காடு என்று படித்ததும் எழுதத் தோன்றியது. கடலோரத்தில் நிற்கும் வண்டியைப் படகு போலவே பார்க்க வேண்டும். உப்புக் காற்றின் ஈரம் லக்கின் (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையத்தின்) வாய் வழியாக உள்ளே ஏறி, ஒயரின் இழைகளுக்குள் மேலே மேலே ஊர்ந்துகொண்டே போகும். வெளியே லக்கில் பச்சைக் களிம்பு கொஞ்சமாகத் தெரியும். உறையைக் கீறினால் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுத்த பகுதியில் புதிய லக் போட்டுப் பயனில்லை. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் போதாவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டும்.

நாங்கள் படகுகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், அதே பூச்சுள்ள லக்குமே போடுகிறோம். சுத்தியலால் தட்டி நசுக்காமல், ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். வண்டி இரும்பில் லக் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சக்கரத்தின் தண்ணீர் தெறிக்கும் இடமானால் அந்த இடத்தையே கைவிட்டு, பின்பேட்டரி மைனஸிலிருந்து முன்பேட்டரி மைனஸுக்குத் தனி ஒயர் இழுப்பது நல்லது.

தக்கலையிலிருந்து, வாகன மின்பணியாளர்:

அண்ணன் சொன்ன தனி ஒயரையே நானும் பரிந்துரைக்கிறேன். சார்ஜ் ஒயர் என்ன கனம், டீச்சர்? கேரவன்களில் பெரும்பாலும் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போட்டுவிடுகிறார்கள். அதன் தடை மீட்டருக்குச் சுமார் 3 மில்லி ஓம். போகவும் வரவும் சேர்த்து 12 மீட்டர் என்றால், 30 ஆம்பியர் பாயும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். 25 ஸ்கொயர் போட்டால் இழப்பு சுமார் கால் வோல்ட்டாகக் குறையும்.

ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். இத்தனை நாள் அந்தக் கெட்ட இணைப்பே மின்னோட்டத்தை அடக்கி வைத்திருந்தது. அதைச் சரிசெய்ததும் ரிலே வழியாக 30 ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். ரிலே அதைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒயரின் இரண்டு முனைகளிலும், பேட்டரிக்கு அருகிலேயே, ஒயரின் கனத்துக்கு ஏற்ற ஃபியூஸ் ஒவ்வொன்று இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால், நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் இரு பக்கமிருந்தும் தீ மூளும். கட்டிலுக்கடியில் இருக்கும் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் பெட்டியிலிருந்து வெளியே ஒரு காற்றுக்குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். உறங்கும் இடம் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தோவாளையிலிருந்து:

இந்த உரையாடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு கேள்வி. என் வண்டி பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது). அதற்கும் இதே ரிலே முறை போதுமா?

தக்கலையிலிருந்து, வாகன மின்பணியாளர்:

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில், எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்நேட்டரின் வோல்ட்டை வண்டியின் கணினியே ஏற்றி இறக்குகிறது. அது இறங்கும் நேரத்தில் ரிலே விட்டுவிடும், பின்பேட்டரி நிறையாது. அத்தகைய வண்டிக்கு, உள்ளே வரும் வோல்ட் ஏறி இறங்கினாலும் பின்பேட்டரிக்குச் சரியான வோல்ட்டைத் தரும் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் பேட்டரி போடுபவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. இல்லையெனில் அது கிடைத்த மின்சாரம் அத்தனையும் இழுத்து ஆல்டர்நேட்டரைச் சூடாக்கும்.

கேட்பவர்:

பதினோரு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். எர்த் போல்ட் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது. லக்கைப் பிடித்து இழுத்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஏறத்தாழ ஐந்து அங்குலம் கறுத்திருந்தது. சார்ஜ் ஒயர் 6 ஸ்கொயரேதான். ஆகவே பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் 25 ஸ்கொயர் ஒயர் இழுத்து, ஃபிரிட்ஜின் மைனஸ் உள்பட எல்லா மைனஸ்களையும் பேட்டரி அருகே ஒரே செம்புப் பட்டையில் சேர்த்து, ஃபியூஸ் பெட்டியையும் ரிலேயையும் மாற்றினோம். காற்றுக்குழாயும் பொருத்தியாயிற்று.

இப்போது கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியில் 12.35, பிளக்கில் 12.1. மைனஸ் பக்க இழப்பு 0.03. இன்ஜின் போட்டதும் 28 ஆம்பியர் ஏறுகிறது. பேச்சிப்பாறையில் மேகமூட்டத்தில் மூன்று இரவுகள் தங்கினோம். ஃபிரிட்ஜ் ஒருமுறையும் நிற்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் மீதமுள்ளது. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல்கள் 1.230 காட்ட, ஒன்று மட்டும் 1.205 காட்டுகிறது.

தக்கலையிலிருந்து, வாகன மின்பணியாளர்:

மிக்க மகிழ்ச்சி, டீச்சர். பல மாதங்கள் அரைகுறையாகச் சார்ஜ் ஆனதால் அந்தச் செல் பின்தங்கியிருக்கலாம். வீட்டுச் சார்ஜரில் 14.4 வோல்ட்டில் இரவு முழுதும் விட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மற்றவற்றை நெருங்கி வந்தால் பேட்டரி நல்லதே. விலகல் 0.050ஐத் தாண்டினால் மட்டும் வாரண்டியில் கொடுங்கள்.

கேட்பவர்:

இரண்டு இரவுகள் சார்ஜ் செய்து, இன்று காலை அளந்தோம். ஐந்து செல்கள் 1.240, ஆறாவது 1.230.