கர்ணமும் பரப்பளவும் தெரியும்: சுற்றளவு வருகிறது, பக்கங்கள் வரவில்லை

கேள்வி:
ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 செ.மீ., பரப்பளவு 30 ச.செ.மீ. எனில் அதன் சுற்றளவைக் காண வேண்டும். செங்கோணத்தை அடக்கிய பக்கங்களை அ, ஆ என்று கொண்டேன். பிதாகரஸ் தேற்றப்படி அ² + ஆ² = 100; பரப்பளவிலிருந்து அ × ஆ = 60. எனவே (அ + ஆ)² = 100 + 120 = 220; சுற்றளவு 10 + √220, அதாவது ஏறத்தாழ 24.83 செ.மீ. சரிபார்ப்பதற்காகப் பக்கங்களைத் தனித்தனியே காண முயன்றபோது (அ − ஆ)² = 100 − 120 = −20 என்று வந்து நின்றுவிட்டது. எந்தப் படியில் பிழை செய்தேன்?

மறுமொழி 1:
உங்கள் படிகளில் பிழையே இல்லை. அப்படியொரு முக்கோணம்தான் இல்லை. கர்ணத்தை விட்டமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால், செங்கோண முனை அந்த வட்டத்தின் மேல்தான் இருக்கும். அம்முனையிலிருந்து கர்ணத்துக்கு வரையும் குத்துயரம் ஆரத்தைத் தாண்ட முடியாது. இங்கே ஆரம் 5 செ.மீ. ஆகவே பரப்பளவு ½ × 10 × 5 = 25 ச.செ.மீ.க்கு மேல் போகாது. 30 கேட்டால் குத்துயரம் 6 ஆக வேண்டும், அது வட்டத்துக்கு வெளியே போய்விடும். கணக்கை அமைத்தவர் இதைக் கவனிக்கவில்லை போலும்.

மறுமொழி 2:
பக்கங்களைத் தேடாமல், சுற்றளவைக் கொண்டே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். இரு பக்கங்களின் கூடுதல் கர்ணத்தைவிடப் பெரியது. ஆனால் கர்ணத்தின் √2 மடங்கைத் தாண்டாது, இரு பக்கங்களும் சமமாக இருக்கும்போதுதான் அதைத் தொடும். ஆகவே கர்ணம் 10 என்றால் சுற்றளவு 20க்கு மேலும், ஏறத்தாழ 24.14க்கு மிகாமலும் இருந்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைத்த 24.83 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. உங்கள் முறையோ நல்ல முறை. பக்கங்களைப் பிரிக்காமலே சுற்றளவைத் தந்துவிடுகிறது, அதனால்தான் இத்தகைய கோளாறு கண்ணில் படாமலும் போய்விடுகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பரப்பளவை 24 என்று மாற்றிச் செய்தேன்: (அ + ஆ)² = 100 + 96 = 196, கூடுதல் 14, சுற்றளவு 24; பக்கங்களும் 6, 8 என்று ஒழுங்காக வந்தன. ஆனால் பரப்பளவும் 24, சுற்றளவும் 24 என்பது மறுபடியும் ஐயத்தைக் கிளப்புகிறது.

மறுமொழி 1:
இம்முறை ஐயம் வேண்டாம். பக்கங்கள் முழு எண்களாக உள்ள செங்கோண முக்கோணங்களில் 6, 8, 10 என்பதும் 5, 12, 13 என்பதும் மட்டுமே இப்படி ஒரே எண்ணைத் தருபவை. பின்னதில் இரண்டும் 30. ஒன்று நீளம், மற்றது பரப்பு என்பதால் இந்த ஒற்றுமை அலகைப் பொறுத்ததுதான்: உங்கள் முக்கோணத்தையே மில்லிமீட்டரில் அளந்தால் சுற்றளவு 240, பரப்பளவு 2400.